லைட்டான வேலை

ஏனாம்
16.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுடர்விழி எழுதுகிறேன். ஏனாம் வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

எப்போது கேட்டாலும் "லைட்டா புடிச்சிருக்குது", "லைட்டா வலி". உன் லைட்டா என்ன லட்சணம் என்று அண்ணியிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. கம்பெனியில் டிரம்மைத் தூக்கும்போது முதுகில் டிஸ்க் விலகி, இரண்டு நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அண்ணி வாயைத் திறக்காவிட்டால் நான் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்கு ஏதோ வாயுப்பிடிப்பு என்றே நினைத்திருப்பேன். ஆகவே இனிமேல் போன் கிடையாது. எழுது. எழுதினால் மழுப்ப முடியாது.

நேற்று நீ கேட்டபடி கம்பெனிக்கு இங்கிலீஷில் மனு எழுதி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டேன். டாக்டர் லைட்டான வேலைதான் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார் என்றாயே, அதை நல்ல வாசகமாகப் போட்டிருக்கிறேன். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடு. டாக்டர் சீட்டை அதோடு சேர்க்காதே. அந்தக் கோழிக்கிறுக்கல் போட்டோவில் எனக்கே தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அது போனால் மனுவின் மதிப்புதான் கெடும். என் மனுவே போதும்.

கவிநிலாவை அத்தை கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
சுடர்விழி

•

சாரம், புதுச்சேரி
27.6.2024

அன்புத் தங்கச்சி சுடருக்கு,

அண்ணன் ஆதிமூலம். உன் அண்ணி ஜெயமும் கவிநிலாவும் சுகம். நானும் அப்படித்தான் என்று எழுதலாமா கூடாதா என்று யோசித்து அரை மணி போய்விட்டது. நடக்கிறேன். உட்கார்ந்தால்தான் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

மனுவைக் கொடுத்துவிட்டேன். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க உன் இங்கிலீஷ்தான் பேச்சு. சூப்பர்வைசர் கோபிநாத் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "யாருய்யா எழுதினது, வக்கீலா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் லைட் என்றால் எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கோபிநாத் சார் டிரம் மூடிக்கட்டு ஒன்று பன்னிரண்டு கிலோதானே, அது லைட் என்கிறார். ஆபீசில் இருக்கிறவர், நம்ம கம்பெனியில் லைட்டான வேலை என்று ஒன்றே கிடையாது என்கிறார். கேன்டீன் வீராயி, "லைட்டா சாப்புட்டாத்தான் லைட்டா வேல பாக்க முடியும்" என்று சொல்லி ஒரு கரண்டி குறைத்துப் போட்டது. அம்மாவாசை இருக்கிறானே, என்னோடு பாரம் தூக்குகிறவன், அவன் டிரம் அடுக்கிய இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், "ண்ணா, லைட் ப்ளூ எல்லாம் நீ தூக்கு, டார்க் ப்ளூ எல்லாம் நான் தூக்கறேன்" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்தால் இடுப்பில் சுளீர் என்றது.

அடுத்த வாரம் முடிவு சொல்கிறார்களாம். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போ.

அண்ணன்
ஆதிமூலம்

•

ஏனாம்
8.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு கிலோ லைட்டாம். அந்தக் கோபிநாத்தின் முதுகில் கட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.

அந்தச் சொல்லையே ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கிவிட்டேன். கரும்பலகை நிறைய எழுதினோம். எடை குறைந்தது லைட். வெளிறிய நிறம் லைட். தூறல் மழை லைட். கோழித்தூக்கம் லைட். பாதி வயிற்றுச் சாப்பாடு, மெல்லிசான துணி, குறைவான தண்டனை, விளையாட்டுப் பேச்சு எல்லாமே லைட்தான். கடைசி பெஞ்ச் பெண் ஒருத்தி எழுந்து, லைட் என்றால் விளக்குதானே மேடம் என்றாள். அது பெயர்ச்சொல், நான் கேட்பது பெயரடை, கவனம் எங்கே இருக்கிறது என்று உட்காரவைத்தேன்.

தமிழில் யாராவது கேட்டால் ஜாக்கிரதையாகச் சொல். சுலபமான வேலை என்று சொல்லிவிடாதே, சோம்பேறி என்பார்கள். எளிய வேலை என்றால் சம்பளத்தில் கை வைப்பார்கள். பாரமில்லாத வேலை என்று சொல். அதுதான் சரியான சொல்.

எனக்குக் கோபமெல்லாம் அந்த டாக்டர் மேல்தான். மாத்திரைக்கு மில்லிகிராம் எழுதத் தெரிகிறது, தூக்குவதற்குக் கிலோ எழுதத் தெரியவில்லையா? லைட் என்று ஒரு வார்த்தையைக் கிறுக்கிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பான். என் வகுப்பில் இருந்தால் முட்டி போட வைத்திருப்பேன்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

சுடர்விழி

•

சாரம்
29.7.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உனக்குச் சளி பிடித்திருப்பதாக ஜெயத்திடம் போனில் சொன்னாயாம். எனக்குப் போன் இல்லை, அவளுக்கு மட்டும் உண்டு போல. மிளகு ரசம் வை.

வேலை கொடுத்துவிட்டார்கள். மனுவில் கேட்டதையே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். டிரம் பக்கமே போகவேண்டியதில்லை. கையில் ஒரு பல்பு, அவ்வளவுதான். நூறு கிராம்கூட இருக்காது. கோபிநாத் சாரே என்னை எல்லாருக்கும் எதிரில் கூப்பிட்டு, "லைட் வேலைன்னு கேட்ட. இந்தா, லைட்டு" என்று கையில் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவாசை மட்டும் சிரிக்கவில்லை. என்ன கோபமோ.

ஆகவே நீ கவலைப்படாமல் பாடம் நடத்து. டாக்டரைத் திட்டாதே. நல்ல பிள்ளை. எனக்காக நேரம் எடுத்துப் பார்த்தவர்.

கவிநிலா பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் எடுத்திருக்கிறாள். உன்னை மாதிரியே யார் பேசினாலும் திருத்துகிறாள்.

ஆதிமூலம்

•

ஏனாம்
9.8.2024

அண்ணா,

சளி போய்விட்டது. உன் கடிதம் வந்த அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் டியூப்லைட் மாற்ற எலக்ட்ரீஷியன் வந்து ஏணியைச் சுவரில் சாத்தினபோதுதான் எனக்கு உறைத்தது. சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டேன்.

உங்கள் ஷெட்டின் கூரை எவ்வளவு உயரம்? இருபத்தைந்து அடி இருக்குமா? அங்கே பல்பு மாற்றுவது யார்? ஏணியில் ஏறுவது யார்? விலகின டிஸ்க்கோடு நீ ஏறுகிறாய், கீழே அம்மாவாசை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அதனால்தான் அவன் சிரிக்கவில்லை. சரிதானே? ஊரே கூடி உன்னைக் கேலி செய்திருக்கிறது. நீயும் அதை எனக்குச் சிரிப்புக் கதையாக எழுதியிருக்கிறாய்! இதைப் படிக்கும்போது எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாயா?

இப்போது நான் சொல்வதைச் செய். ஒன்று, நாளையே ஏறமாட்டேன் என்று சொல். இரண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரிடம் லைட் என்ற வார்த்தையை அடித்துவிட்டு, இத்தனை கிலோ, ஏணி கூடாது என்று புதிதாக எழுதி வாங்கு. அவருக்கு வலித்தால் வலிக்கட்டும். மூன்று, உடனே பதில் போடு.

சுடர்விழி

•

ஏனாம்
16.9.2024

அண்ணா,

நலமா என்று கேட்கிறேன். ஒற்றை வரியில் பதில் வந்தாலும் போதும். ஐந்து வாரம் ஆகிறது.

என் சபதத்தை நானே உடைத்துப் போன் செய்துவிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது. அண்ணி எடுத்தால் குளிக்கிறார் என்கிறாள். காலையில் கேட்டாலும் குளிக்கிறார், சாயங்காலம் கேட்டாலும் குளிக்கிறார். மாதக்கணக்கில் குளிக்கிற மனுஷனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். கவிநிலாவைக் கேட்டால், "அத்தை, டெஸ்டு இருக்குது" என்று வைத்துவிடுகிறாள்.

லீவு கேட்டேன். பரீட்சை முடியாமல் தரமாட்டார்களாம். இங்கே சுற்றிலும் தெலுங்கு. வாய்விட்டுப் புலம்பினாலும் ஒருவருக்கும் புரியாது. எரிச்சலில் வகுப்பில் பிள்ளைகள் மேல் விழுகிறேன், பிறகு வருத்தப்படுகிறேன்.

என்ன ஆனாலும் சரி, எழுது.

சுடர்

•

சாரம்
28.9.2024

அன்புத் தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். நீ பயப்படாமல் படி.

ஆகஸ்ட் இருபதாம் தேதி ஏணியிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. கால் தவறிவிட்டது. ரொம்ப உயரம் இல்லை, ஆறேழு அடிதான். வலது குதிகால் எலும்பு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அம்மாவாசை கீழே இல்லாமல் இருந்திருந்தால் தலை தரையில் பட்டிருக்கும். அவன் கையில்தான் விழுந்தேன். அவனுக்கும் தோள் சுளுக்கு.

கம்பெனி இதை விபத்து என்று எழுத மறுக்கிறது. நானாக வேலைக்கு வராமல் நின்றுவிட்டேன் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்தொன்பது வருஷ வேலை. யூனியன்காரர் தொழிலாளர் ஆபீசில் எழுதிக் கொடுத்து, இம்மாதம் பதினெட்டாம் தேதி ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். தள்ளி வைத்திருக்கிறார்கள்.

நீ ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம். எழுத்து வேலை எதுவும் வேண்டாம். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆதிமூலம்

•

ஏனாம்
7.10.2024

அன்புள்ள அண்ணா,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஆறேழு அடிதானாம். உனக்கு எல்லாமே "தான்".

நீ வேண்டாம் என்றாலும் என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. இதற்கெல்லாம் மூலம் அந்த டாக்டர். அவர் ஒழுங்காக எழுதியிருந்தால் எவனும் உன் கையில் பல்பைக் கொடுத்திருக்க முடியாது. அவர் மேல் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் முடிந்துவிட்டது. ஒரு சொல்லை அலட்சியமாகப் போட்டால் ஒரு குடும்பம் என்ன ஆகிறது என்று எழுதியிருக்கிறேன். படித்தால் அவருக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. ஆஸ்பத்திரித் தலைமைக்கு ஒன்று, சுகாதாரத்துறைக்கு ஒன்று.

அந்தச் சீட்டின் நல்ல நகல் ஒன்றை உடனே அனுப்பு. என் போனில் இருப்பது மங்கல்.

காலைக் கீழே ஊன்றாதே. அண்ணியை அதட்டாதே.

சுடர்விழி

•

சாரம்
17.10.2024

சுடருக்கு,

அண்ணி ஜெயம் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தெரிந்தால் என்னோடு பேசமாட்டார்.

நீ கேட்ட நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, கவிநிலாதான் படித்துச் சொன்னாள். அதில் லைட் என்ற வார்த்தையே இல்லை. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது, ஏணி ஏறக்கூடாது என்று இருக்கிறது. ஏணி என்கிற இடத்தில் அந்த டாக்டர் இரண்டு கோடு போட்டிருக்கிறார். நீ புகார் எழுதுகிறாயே, அந்த டாக்டர்.

லைட் என்கிற வார்த்தை உன் மனுவில்தான் இருக்கிறது. சீட்டைச் சேர்க்காதே என்று சொன்னதும் நீதான். கம்பெனிக்காரன் உன் மனுவைத்தான் விசாரணையில் தூக்கிக் காட்டினானாம். அவரே கேட்டார், கொடுத்தோம், ஏணி ஏறமாட்டேன் என்று இதில் எங்கே இருக்கிறது, டாக்டர் சீட்டு எதுவும் எங்களுக்கு வரவில்லையே என்றானாம். அதிகாரி அம்மா இவரைப் பார்த்து, "இத யாரு எழுதினது?" என்று கேட்டிருக்கிறார். "நானேதான்மா எழுதினேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், உன் பேர் வெளியே வரக்கூடாது என்று. இங்கிலீஷ் தெரிந்து, யோசித்து எழுதின ஆள் என்று ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையால் கேஸ் படுத்துவிட்டது என்கிறார் யூனியன்காரர்.

நான் உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. இல்லை, குறை சொல்லத்தான் எழுதுகிறேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் அந்த டாக்டரைத் திட்டும்போது இவர் படித்துவிட்டு மடித்து வைப்பார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த விசாரணை நவம்பர் இருபது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜெயம்

•

ஏனாம்
26.10.2024

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அண்ணி எழுதிவிட்டாள். அவளைக் கோபிக்காதே.

போனில் அந்தப் பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். விரலால் பெரிதாக்கினேன். எல்லாம் தெரிகிறது அண்ணா. ஐந்து கிலோ தெரிகிறது, ஏணி தெரிகிறது, இரண்டு கோடும் தெரிகிறது. ஜூன் மாதம் நான் பெரிதாக்கவே இல்லை. நீ லைட்டான வேலை என்றாய், எனக்கு வாசகம் கிடைத்துவிட்டது, எழுதிவிட்டேன். நல்ல இங்கிலீஷ் என்று நானே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன். ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் என்று பலகையில் எழுதினவள் நான். விளக்குதானே என்று அந்தப் பெண் சொன்னபோது அவளை அதட்டி உட்காரவைத்ததும் நான்தான். புகாரைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் கேட்கிறேன், டாக்டர் மூன்று விஷயம் தெளிவாகச் சொல்லியிருக்கும்போது நீ ஏன் என்னிடம் லைட் என்று ஒரே வார்த்தையில் முடித்தாய்? ஏன் இத்தனை மாதம் என்னை அந்த மனுஷரைத் திட்டவிட்டாய்? எனக்கு உன் மேலும் ஆத்திரமாக வருகிறது, என் மேலும் வருகிறது.

லீவு வாங்கிவிட்டேன். நவம்பர் பத்தொன்பதாம் தேதி வந்துவிடுவேன். மறுநாள் விசாரணையில் நானே நின்று வாக்குமூலம் படிக்கிறேன். மூன்று பக்கம் தயார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. நீ எதுவும் பேச வேண்டாம், கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

சுடர்விழி

•

சாரம்
15.11.2024

அன்புத் தங்கச்சி சுடருக்கு,

மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. கைத்தடியோடு தெருமுனைவரை போய்வருகிறேன். மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் எல்லாருக்கும் ஜுரம் வந்து போனது.

நீ லீவை ரத்து செய்துவிடு, அதற்காகத்தான் இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். விசாரணை நேற்றே முடிந்துவிட்டது. தேதியை முன்னால் போட்டுப் பத்து நாள் முன்பே தபால் வந்தது. வேண்டுமென்றேதான் உனக்குச் சொல்லவில்லை.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். எனக்கு உன் மேல் கோபம். ஏணியில் முதல் நாள் ஏறினபோதே வந்த கோபம். சொன்னால் நீ அழுவாய், பிறகு நான்தான் உன்னைத் தேற்ற வேண்டும். இடுப்பு வலியோடு அதையும் செய்யத் தெம்பு இல்லை, அதனால் சொல்லவில்லை. நீ எட்டாவது படிக்கும்போதிலிருந்து இந்த வீட்டுக்கு எல்லாம் நீதான் எழுதுகிறாய். ரேஷன் கார்டு, ஜெயத்தின் பிரசவத்துக்கு நான் போட்ட லீவு, கவிநிலா ஸ்கூல் அப்ளிகேஷன். நானும் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டேன். என்ன எழுதியிருக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அது என் தப்பு. டாக்டர் சொன்னதை முழுசாக உன்னிடம் சொல்லாததும் என் தப்பு. ஆனால் கடைசிக் கடிதத்திலும், பேச வேண்டாம், கையெழுத்து மட்டும் போடு என்று எழுதியிருக்கிறாய் பார். அதைப் படித்ததும்தான் நானே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, மனுவில் இருந்தது என்ன என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன், என் தங்கச்சி டீச்சர், அதுதான் எழுதிக் கொடுத்தது, போன தடவை நானே எழுதினேன் என்று சொன்னது பொய், மன்னிக்க வேண்டும். டாக்டர் சொன்ன மூன்றையும் மனு கொடுத்த அன்றே கோபிநாத் சாரிடம் வாயால் சொன்னேன், அம்மாவாசை பக்கத்தில் இருந்தான். பல்பைக் கையில் கொடுத்தபோதும் ஏணி ஆகாது சார் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடத்தில் அப்படிச் சிரித்தது எனக்கு விழுந்ததைவிட வலித்தது. ஆகவே ஏறினேன். இவ்வளவுதான் எழுதினேன்.

அம்மாவாசையும் வந்து சாட்சி சொன்னான். கம்பெனி நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறதாம். கால் தேறினதும் கேட்டில் நாற்காலி போட்டு, வண்டி நம்பர் எழுதுகிற வேலை. எத்தனை கிலோ, எத்தனை படி என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கினார் அதிகாரி அம்மா. இந்தத் தடவை படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

கோபம் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வா, அதற்குள் பாதி போயிருக்கும். மீதியை நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திட்டித் தீர்த்துக்கொள்கிறேன்.

நான் எழுதினதன் நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். பிழை நிறைய இருக்கும், கவிநிலாவே பதினொன்று காட்டினாள். திருத்தி அனுப்பாதே. அதிகாரி அம்மா இரண்டு பக்கத்தையும் எல்லாருக்கும் எதிரில் சத்தமாகப் படித்தார். ஒரு வார்த்தைக்குக்கூட இதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

உன் அண்ணன்
ஆதிமூலம்